மாமாவின் பித்தளைக் கோதுகள்

எங்கள் வீட்டில் ஒருமுறை பாவித்த பொருளை எறிகிற வழக்கம் கிடையாது. ஐஸ்கிரீம் பெட்டிக்குள் முறுக்கு இருக்கும், மாஜரின் டப்பாவுக்குள் மிளகாய்த்தூள் இருக்கும். பால் வந்த பையைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் கறிவேப்பிலையைப் போட்டு உறைய வைப்பார் அம்மா. ஆகவே, வெடித்து முடிந்த தோட்டாவின் கோதுக்குள் திரும்பவும் வெடிமருந்து அடைத்துச் சுடலாம் என்று மாமா ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது, எனக்கு அது அதிசயமாகவே படவில்லை. இவ்வளவு நாளும் ஏன் செய்யாமல் இருந்தார் என்றுதான் யோசித்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கனடாவில், லாசால் என்ற இடத்தில், எங்கள் வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றில் ஓர் அறையில் இருந்தார். பக்கத்திலேயே காட்போட் பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. கல்யாணப் பேச்சைத் தவிர உலகத்தில் எந்தப் பேச்சும் அவருக்குப் பிடிக்கும். அந்தப் பேச்சு வந்தால் மட்டும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கோப்பை கழுவப் போய்விடுவார்.

அந்தத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரு பெண் இருந்தார். பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரி, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய் என்ற ஊரிலிருந்து வருகிறவர். அவர்தான் ஒரு சனிக்கிழமை மாமாவைத் தன்னுடைய துப்பாக்கிச் சுடும் கழகத்துக்கு விருந்தினராகக் கூட்டிப்போனார். சும்மா பார்க்கப் போன மாமா திரும்பி வந்து வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார், கடைசியில் ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கிவிட்டார். அது அவருடைய அறையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. திறப்பு அவருடைய கழுத்துச் சங்கிலியில், பிள்ளையார் பென்டனுக்குப் பக்கத்தில் தொங்கியது. துப்பாக்கியை நான் ஒருநாளும் கண்டதில்லை. தன் கண்ணிலும் என் கண்ணிலும் அது படக்கூடாது என்பது அம்மா போட்ட நிபந்தனை.

"ஊரில பங்கருக்குள்ள கிடந்து காதைப் பொத்தினது காணாதெண்டோ இஞ்ச வந்து காசு குடுத்துச் சத்தம் கேக்கிறாய்?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். மாமா கேலியாகப் பதில் சொல்லவில்லை.

"இஞ்ச கிளப்பில சத்தம் எப்ப வருமெண்டு எனக்குத் தெரியும், அத்தான்" என்றார்.

அப்பா அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேலி செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கோதுக்குத் திரும்ப மருந்து அடைக்கிற யோசனைக்கு வருவோம். மாமாவுக்கு அது தலைக்குள் புகுந்ததிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. கோதின் அடியில் உள்ள, பொறி கிளப்புகிற சின்னத் தட்டை மாற்ற வேண்டும், மருந்தை நிறுத்துப் போட வேண்டும், மேலே ஈயத்தைப் பொருத்தி ஒரு பிரஸ்ஸில் வைத்து அழுத்த வேண்டும் என்று சோற்றில் விரலால் படம் போட்டுக் காட்டுவார். காசு மிச்சம் பிடிக்கலாமா என்று அப்பா விசாரித்தார். "மிச்சம் பிடிக்கப் போறன் எண்டுதான் எல்லாரும் தொடங்கிறதாம். பேந்து ரெண்டு மடங்கு சுடுறதாம்" என்று மாமாவே உண்மையைச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் எதற்கு என்றதற்கு, "கடையில வாங்கிறது ஆரோ செய்தது. நான் செய்தது நேராப் போகுதோ எண்டு பாக்கோணும்" என்றார். எனக்கு அந்தக் காரணம் மிகவும் பிடித்தது. நானும் அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் காகித விமானம் செய்துகொண்டிருந்தேன்.

அம்மாவிடம் மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கிற அறையின் மூலையில், ஒரு மேசை போட இடம்.

அம்மா அவருடைய கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சொதி விட்டார். "பாப்பம்" என்றார்.

எனக்கு அம்மா "பாப்பம்" சொன்னால் அது இல்லை என்று அர்த்தம். மாமாவுக்குச் சொன்னால் ஓம் என்று அர்த்தம். தாய் தகப்பன் இல்லாமல் போன பிறகு அவரைச் சாப்பாடு தீத்தி வளர்த்ததும், கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்ததும் அம்மாதான். "என்ர தம்பி வாய் திறந்து கேட்டால் நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சொன்ன சொல்லில் தானே மாட்டிக்கொண்டு நின்றார் என்பதைப் பார்க்கும் வயது எனக்கு வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாமா கழகத்திலிருந்து ஓர் ஐஸ்கிரீம் பெட்டி நிறையக் கோதுகளோடு வந்தார். எல்லாம் பித்தளை. வாயெல்லாம் கரி பிடித்து, மங்கலாக இருந்தன. நான் பேஸ்மென்ற் படியில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொடவேண்டாம், ஈயத்தூள் இருக்கும் என்றார். சொல்லிவிட்டு, என்ன நினைத்தாரோ, ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து, கீழுதட்டில் வைத்து ஊதினார். அப்படி ஒரு கூர்மையான விசில் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மேலே கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த அம்மா, கையில் கத்தியோடு படியால் இறங்கி வந்தார்.

"உந்தக் கோதை வாயில வைக்காதை!"

மாமா சிரித்தார். என்னைப் பார்த்து, "சின்னனில நாங்கள் உதைப் பொறுக்கி ஊதித் திரிவம். உன்ர கொம்மா ஒவ்வொருநாளும் பள்ளிக்கூடம் போக முதல் என்ர காற்சட்டைப் பொக்கற்றைத் தடவிப் பாப்பா" என்றார்.

"ஏன்?" என்றேன்.

"செக்பொயின்ற்றில ஆமிக்காரங்கள் தடவ முந்தி நான் தடவோணும். ஒரு கோது அகப்பட்டிருந்தாலும் இவன் இண்டைக்கு இல்லை" என்று அம்மா எனக்குச் சொன்னார். மாமாவைப் பார்த்துச் சொல்லவில்லை.

"எண்டாலும் ஒரு பால்மா ரின் நிறையச் சேத்து, கோழிக்கூட்டுக்குப் பின்னால ஒளிச்சு வச்சனான்" என்று மாமா பெருமையாகத் தொடர்ந்தார். "ஒருநாள் பாத்தால் ரின்னோட காணேல்லை. ஆர் எடுத்ததெண்டு இண்டைக்கும் தெரியாது. என்னோட சேந்து அக்காவும் ரெண்டு நாள் தேடினவா, என்னக்கா?"

அம்மா கத்தியோடு திரும்பி மேலே போனார். கத்தரிக்காய் வெட்டுகிற சத்தம் திரும்பவும் கேட்டது.

அதற்கடுத்த ஞாயிறு லொங்குய்ப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். மேசை போடப்போகிற இடத்தைப் பார்த்துச் சொல்லத்தான் மாமா அழைத்திருந்தார். ஆனால், மாமா ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவருவது அதுதான் முதல் தடவை என்பதால், அப்பா சவரம் செய்து சேட் மாற்றினார். அம்மா வடை சுட்டார். வந்தவர் "பொன்ஜூர்" சொல்லி, சப்பாத்தை வாசலிலேயே கழற்றி, மூன்று வடை சாப்பிட்டார். பிறகு பேஸ்மென்றுக்குப் போய் மின்குமிழ், ஜன்னல், ஹீட்டர் எல்லாவற்றையும் ஒரு வீடு வாங்க வந்தவரைப் போலப் பார்த்தார். அம்மாவின் பிரெஞ்சு ஜான்-டலோன் சந்தையில் தக்காளி வாங்குகிற அளவுக்குத்தான் போதும். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அன்றைக்கு என்னை விடப் பெரிய ஆள் அந்த வீட்டில் இல்லை என்று எனக்கு நினைப்பு.

"வீடு வெடிக்குமோ எண்டு கேள்" என்றார் அம்மா.

கேட்டேன். மருந்தை அது வந்த டப்பாவிலேயே, சூடில்லாத இடத்தில், கொஞ்சமாக வைத்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றார். பயப்பட வேண்டியது மருந்துக்கு அல்ல, செய்கிறவரின் கவனக்குறைவுக்கு. கதைத்துக்கொண்டு செய்தால் ஒரே கோதுக்குள் இரண்டு தரம் மருந்து போட்டுவிடுவார்கள், சுடும்போது அது கையிலேயே வெடிக்கும். டிவி கூடாது, ரேடியோ கூடாது, முக்கியமாகப் பேச்சுக் கூடாது.

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் எல்லோரும் மாமாவைத்தான் பார்த்தோம். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், நீ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கு முதல்!" மாமா வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிக் காட்டினார். லொங்குய்ப் பெண்ணுக்கு மொழி விளங்கவில்லை என்றாலும் விஷயம் விளங்கி, அவரும் சிரித்தார்.

உடனே எதையும் வாங்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார். முதலில் ஒரு நல்ல புத்தகம் வாங்கி முழுதாகப் படிக்க வேண்டும். பிறகு கோதுகளைச் சுத்தமாகக் கழுவி வைத்தால், தன்னுடைய பிரஸ்ஸையும் தராசையும் காரில் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று செய்விப்பார். பிடித்தால் பிறகு வாங்கலாம். பிடிக்காவிட்டால் கழுவிய கோது மட்டும்தான் நட்டம்.

"பிடிக்காட்டி விட்டிடுவானாமோ?" என்று அம்மா கேட்டார்.

"இவருக்குப் பிடிக்கும்" என்றார் லொங்குய்ப் பெண். அதை அப்படியே சொன்னேன். அம்மா மூலையில் இருந்த கோதுப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"கோதுகளை நான் கழுவித் தாறன்."

மாமா வாய்ப்பூட்டை மறந்து, "அக்கா, நீங்களோ?" என்றார்.

"பித்தளை கழுவ எனக்குத் தெரியாதோ? நவராத்திரிக்கு எப்பிடியும் குத்துவிளக்கு மினுக்கோணும். பழப்புளி கரைக்கேக்க இன்னொரு பேசினிலயும் கரைச்சால் சரி."

பழப்புளி என்றால் என்ன என்பதை விளக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் சமையலறையிலிருந்து ஒரு கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். லொங்குய்ப் பெண் அதை மணந்து பார்த்தார், நக்கிப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். இது நன்றாகவே வேலை செய்யும் என்றார். ஆனால் கொஞ்ச நேரம்தான், கனநேரம் கிடந்தால் புளிப்பு பித்தளையைத் தின்றுவிடும் என்றார்.

"அது எனக்குத் தெரியும் எண்டு சொல்லு" என்றார் அம்மா.

அது எனக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் விளக்கைப் புளியில் போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே நிற்பார். நான் நுரையோடு விளையாடிக் கொஞ்சம் தாமதித்தாலும் கை விழும். "செம்பேறிப் போகும், எடு எடு!" என்று பறித்து எடுப்பார். அது அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த விளக்கு. சண்டையில் இடம்பெயர்ந்து, இயக்கச்சியில் மூட்டை மாற்றி மூட்டை தூக்கியபோதும் விடாமல் கொண்டுவந்தது.

நவராத்திரிக்கு முந்திய சனிக்கிழமை ரொறொன்ரோவில் அப்பாவின் சொந்தத்தில் ஒரு சாமத்திய வீடு, பெண்பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் வந்தபோது, உடுப்புத் தோய்க்கிற அறையில் இரண்டு பேசின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் விளக்கு துண்டு துண்டாகக் கழற்றிக் கிடந்தது. மற்றதில் மாமாவின் கோதுகள். இரண்டிலும் புளித்தண்ணீரும் உப்பும். மாமா எட்டிப் பார்த்து, "அக்கா, எப்பிடி மினுங்குது!" என்று குதூகலித்தார். நாங்கள் உடுப்பு மாற்றி, பலகாரப் பெட்டிகளை ஏற்றி, அவதி அவதியாகப் புறப்பட்டோம்.

எங்கள் ஊர் இருக்கிற தீவைத் தாண்டுகிற பாலம் வந்தபோது அம்மா திடீரென்று, "காரைத் திருப்புங்கோ" என்றார். அயன் பெட்டியை அணைத்தாரோ இல்லையோ என்று சந்தேகமாம்.

அப்பா இரண்டு மூன்று வார்த்தை முணுமுணுத்துவிட்டுத் திருப்பினார். வீட்டு வாசலில் மாமா கார்க் கதவைத் திறந்து, "நீங்கள் இருங்கோ அக்கா, நான் ஓடிப்போய்ப் பாக்கிறன்" என்றார்.

"நீ இரு. உனக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லி அம்மா தானே இறங்கிப் போனார்.

நெடுநேரம் வரவில்லை. யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. பயணம் புறப்பட்டுத் திரும்பி வந்தால், சும்மா ஓடிப்போகக் கூடாது. வீட்டுக்குள் கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்து, சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். அம்மா இதையெல்லாம் ஒன்றும் விடமாட்டார். "தண்ணி குடிக்கிறாவாக்கும்" என்றார் அப்பா. அம்மா திரும்பி வந்து ஏறியபோது, சேலையின் முந்தானை நனைந்திருந்தது. தண்ணீர் ஊற்றிவிட்டது என்றார். அயன் பெட்டி அணைந்துதான் இருந்ததாம்.

ரொறொன்ரோ போகும் வழியெல்லாம் மாமா பேசிக்கொண்டே வந்தார். மேசைக்கு என்ன மரம், எந்தப் பக்கம் விளக்கு, புத்தகத்தில் எத்தனையாம் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஒருமுறை மட்டும் கையைப் பின்னால் நீட்டி, மாமாவின் தலையைத் தடவினார். "என்னக்கா?" என்றார் அவர். "ஒண்டுமில்லை, தலை வாரேல்லை நீ" என்றார்.

ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு வந்தோம். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் மாமா பேஸ்மென்றுக்கு ஓடினார். சிறிது நேரத்தில் "அக்கா!" என்று ஒரு குரல். நாங்கள் எல்லோரும் இறங்கிப் போனோம்.

கோதுகள் எல்லாம் றோஸ் நிறமாகியிருந்தன. உண்மையைச் சொன்னால் எனக்கு அவை முன்னையை விட அழகாகத் தெரிந்தன. மாமா ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு நின்றார். லொங்குய்க்கு ஃபோன் எடுத்தார். சிவந்துபோனால் பித்தளையின் பலம் போய்விட்டது, மருந்து போட்டால் பிளந்துவிடும், ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பதில் வந்தது. மாமா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, அவதியில எடுக்க மறந்துபோனன், அப்பன்" என்றார் அம்மா. சொல்லும்போதே புளித்தண்ணீருக்குள் கையை விட்டுக் கோதுகளை அள்ளி, அழத் தொடங்கினார்.

மாமா பதறி எழுந்தார். "ஐயோ, உதுக்குப்போய் ஏனக்கா அழுறியள்? வெறும் கோதுதானே. நான்தான் நினைவுபடுத்தியிருக்கோணும்" என்று அம்மாவின் தோளைப் பிடித்துத் தேற்றினார். அம்மா இன்னும் அழுதார். ஒரு டப்பா கோதுக்காக ஒருவர் அவ்வளவு அழுவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பேஸ்மென்றில் அந்த மேசை வரவேயில்லை. அக்கா மனம் நொந்துவிட்டார், இனி அந்தப் பேச்சு வீட்டில் வேண்டாம் என்று மாமாவே விட்டுவிட்டார். ஆனால் ஆசை விடவில்லை. லொங்குய்யில் தன் கராஜில் எல்லாம் இருக்கிறதே, அங்கே வந்து செய் என்றார் அந்தப் பெண். மாமா சனிக்கிழமைகளில் மஞ்சள் வழித்தட மெட்ரோ பிடித்துப் போனார். பேசக்கூடாத அந்த மேசையில் அவர் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் ஒரு அதிசயம். மேசையை விட்டு எழுந்த பிறகு நிறையப் பேசியிருக்க வேண்டும், இரண்டு வருடத்தில் லொங்குய்ப் பெண் எனக்கு மாமி ஆகிவிட்டார். மாமி இப்போதும் வடை கேட்பார். புளியைக் கண்டால் சிரிப்பார். மாமாவின் முதல் கோதுகள் ஏன் சிவந்தன என்று அவர் அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. பித்தளை தெரிந்தவர், கேட்காமல் விட்டிருக்கிறார்.

அந்த ஞாயிறு பின்னேரத்துக்குத் திரும்புகிறேன். மாமா அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, எனக்குத் திடீரென்று விளக்கின் நினைவு வந்தது. மற்றப் பேசின் காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. விளக்கும் சிவந்துபோயிருக்குமோ, யாரும் எறிந்துவிட்டார்களோ என்று பயந்து, படி ஏறிச் சாமியறைக்கு ஓடினேன்.

விளக்கு அங்கே இருந்தது. துடைத்து, பூட்டி, அன்னப்பறவையை மேலே வைத்து, ஐந்து திரியும் போட்டு, பிள்ளையாருக்கு முன்னால் புதுமஞ்சளாக மினுங்கிக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை புளிக்குள் துண்டு துண்டாகக் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்களில் யாருமே அதை எடுக்கவில்லை. எடுக்க வீட்டில் ஆளும் இருக்கவில்லை. அப்படியானால் எடுத்தவர் யார் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. 

"மாமா! ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். "விளக்குத் தப்பிட்டுது! பிள்ளையார் தானே எடுத்து வச்சிருக்கிறார்!"

படியில் மாமாவின் காலடி கேட்டது. அதற்கு முன் அம்மா வந்துவிட்டார். அழுத முகத்தோடு ஓடி வந்து, புளி மணக்கும் கையால் என் வாயை இறுகப் பொத்திக்கொண்டார். சாமியறையில் கத்தக்கூடாது என்பதற்காகத்தான் என்று நினைத்து, நான் அப்படியே அசையாமல் நின்றேன்.